லிண்டன் தெரு முனையில் ஒரு மஞ்சள் நாற்காலி

எங்கள் ஊரில் கொலை செய்தவனுக்குக்கூட வாதாட ஒரு வக்கீல் கிடைத்துவிடுவார். அடுத்தவன் நாற்காலியை நகர்த்தியவனுக்கு நாதி கிடையாது.

பனி கொட்டி ஓய்ந்ததும் தெருவோரம் புதைந்து கிடக்கும் காரைப் பனி அள்ளும் ஷவல் கொண்டு தோண்டி எடுக்கிறோம். முதுகு ஒடிகிறது, மூக்கு உறைகிறது. காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகும்போது, தோண்டிய இடத்தில் வீட்டில் கிடக்கும் ஏதாவதொரு பழைய நாற்காலியை வைத்துவிட்டுப் போகிறோம். தோண்டியவருக்கே அந்த இடம், பனி கரையும்வரை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனாலும் எங்கள் கார்வர்ஸ்பர்கில் போலீஸ்காரர்கூட நாற்காலியைக் கண்டால் வண்டியை இன்னொரு சுற்று சுற்றிவந்து வேறு இடம் தேடுவார்.

என் பெயர் வாண்டா ஹ்ருஸ்கா. இரண்டு புருஷன், ஒரு கால், மூன்றும் என்னை விட்டுப் போய்விட்டன. புருஷன்கள் போனதில் எனக்கு வருத்தமில்லை. காலைக் கொண்டுபோனது சர்க்கரை நோய். அதே நோய் சிறுநீரகத்தையும் தின்றுவிட்டதால் வாரத்தில் மூன்று நாள் ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன். போகாவிட்டால் செத்துப்போவேன். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

போவதற்கு மூன்று வழி உண்டு. முதல் வழி கார். அது என்னிடம் இல்லை, இருந்தாலும் ஓட்ட முடியாது. இரண்டாவது, நகரம் நடத்தும் வேன். முந்தைய நாளே போன் செய்து சொல்லிவைத்தால், தனக்கு எப்போது சௌகரியமோ அப்போது வரும். ஒரு முறை அது வந்து சேர்வதற்குள் நிலையத்தில் என் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு முறை என்னைக் கொண்டுபோய் விட்டது, திரும்ப அழைத்துவர மறந்துவிட்டது. துடைப்பக்காரப் பெண் என்னைச் சுற்றித் தரையைத் துடைத்துவிட்டு, "காலத் தூக்குங்க" என்று சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாவது வழி பதினாலாம் நம்பர் பஸ். என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி லிண்டன் தெரு முனையில் நிற்கும். ஓட்டுநர் ஷெரீஸ் ஒரு பித்தானை அழுத்தினால் பஸ் முழங்காலிட்டு இறங்கும், வாசலிலிருந்து சாய்வுப் பலகை விரியும், நான் மகாராணி மாதிரி உருண்டு ஏறுவேன். யார் தயவும் வேண்டாம். அந்தப் பஸ் இருக்கிறவரை நான் என் வீட்டில் இருக்கலாம். அது இல்லையென்றால் டயாலிசிஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டியதுதான். அங்கே மத்தியானமே இரவுச் சாப்பாடு போட்டுவிட்டு விளக்கை அணைத்துவிடுகிறார்கள். நிலையத்துச் சமூக சேவகிப் பெண் அதன் வண்ணப்படங்களை என் மடியில் வைக்காத நாளில்லை. ஒவ்வொரு முறையும் அவற்றை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் பெரிய பனி கொட்டியது. நகரத்தின் பனி தள்ளும் வண்டி வந்தது. சாலையைப் பளிச்சென்று சுத்தம் செய்து, அள்ளிய பனி மொத்தத்தையும் பஸ் நிறுத்தத்தின் மேல் கொட்டிவிட்டுப் போனது. என் உயரத்துக்கு மலை. நான் உட்கார்ந்திருக்கும் உயரம் இல்லை, காலோடு நின்ற காலத்து உயரம். ஷெரீஸ் பஸ்ஸை நிறுத்தி ஜன்னலைத் திறந்தாள்.

"மிஸ் வாண்டா, பலகைய எங்க இறக்குறது? பனி மேலயா? நீங்க சறுக்கிக்கிட்டே ஆத்துக்குப் போயிருவீங்க."

"யாராவது வந்து அள்ளுவாங்கடி. நீ போ."

நகரம் வந்து அள்ளும் என்று நம்பினேன். ஜனவரி முழுக்க நம்பினேன். காலுள்ளவர்கள் எங்கள் தெரு ஏறும் மேட்டின் மேலே பெட்ரோல் பங்குக்கு எதிரே இருக்கும் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அந்த வழியில் நடைபாதையே கிடையாது. லாரியோடு உரசிக்கொண்டுதான் போகவேண்டும். நானோ வேனையும் பக்கத்து வீட்டு ரோஸ்கோ டில்மனையும் நம்பிக் கிடந்தேன்.

ரோஸ்கோ நல்ல மனுஷன்தான். பனிச்சறுக்கு அரங்கத்தில் தரையைச் சீவி வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டுகிறான். பிறந்ததிலிருந்து பஸ் ஏறாதவன், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவன். வேலையில்லாத நாட்களில் என்னைச் சிமெண்ட் மூட்டை மாதிரி தூக்கித் தன் பிக்கப் வண்டியில் போடுவான். சக்கர நாற்காலியைப் பின்னால் பனிக்குத் தூவும் உப்பு மூட்டைகளோடு வீசுவான். வழிநெடுக வாயடிப்பான்.

"காலி பஸ்ஸு ஊரச் சுத்துது, வாண்டா. உள்ள ஓட்டுநரத் தவிர ஈ காக்கா இல்ல. அதுக்கு நாங்க வரி கட்றோம்."

"நான் இருக்கேனே உள்ள."

"நீ ஒருத்தி."

"ஒருத்தின்னா ஆளில்லையா?"

அவன் வானொலியைச் சத்தமாக வைப்பான். நன்றி சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. உதவி செய்கிறவர்களிடம் எரிந்து விழ முடியாது என்பதுதான் உதவியில் இருக்கும் பெரிய கஷ்டம்.

பிப்ரவரி கடைசியில் நிறுத்தத்துக் கம்பத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'பயணிகள் எவரும் பயன்படுத்தாத காரணத்தால் ஏப்ரல் மாதம் முதல் இந்த நிறுத்தம் நீக்கப்படும்.' நான் அதை இரண்டு தடவை படித்தேன். பிறகு பஸ் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பிரெண்டன் கெய்ல் என்று ஒருவன் பேசினான். போன வருஷம்தான் அரிசோனாவிலிருந்து வந்த திட்ட அதிகாரி. குரல் தேனாக வழிந்தது.

"மேடம், பஸ் கதவுல ஒரு கருவி இருக்கு. எந்த நிறுத்தத்துல எத்தன பேர் ஏறுறாங்கன்னு அதுவே எண்ணிரும். உங்க நிறுத்தத்துல ரெண்டு மாசமா ஒருத்தர்கூட ஏறல."

"எப்படித் தம்பி ஏறுவாங்க? உங்க வண்டி கொட்டின பனியில நிறுத்தமே புதைஞ்சு கெடக்கு!"

"பனி அள்ளுறது எங்க துறை இல்லைங்க மேடம். அது வேற துறை."

"ஏறவே முடியாம மூடிட்டு, யாரும் ஏறலன்னு எண்ணுறீங்க. இதுக்கு ஒரு கருவி வேற."

"உங்க கருத்தப் பதிவு பண்ணிக்கிட்டேன், மேடம். இந்த நாள் இனிய நாளா இருக்கட்டும்."

அந்த நாள் எனக்கு இனிய நாளாக இல்லை. மறுநாளை நானே இனியதாக்கிக்கொண்டேன். இரண்டாவது புருஷன் விட்டுப்போன ஒரே உருப்படியான பொருள் ஒரு ஷவல். அதை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, மேலே இரண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு உருண்டு போனேன். உட்கார்ந்தபடியே தோண்டினேன். மேல்பனி மாவு மாதிரி வந்தது, அடிப்பனி கல் மாதிரி நின்றது. சக்கரம் பின்னால் வழுக்கும். மறுபடி முன்னால் உருட்டி, மறுபடி குத்துவேன். எதிர் வராந்தாக்களில் ஆட்கள் காபிக் கோப்பையோடு நின்று பார்த்தார்கள். ஒருவர் "பாத்து வாண்டா, நெஞ்சு வலி வந்துரப்போகுது" என்று குரல் கொடுத்தார். வந்து ஷவலைப் பிடுங்கித் தோண்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. பஸ்ஸில் போகிறவள் பஸ்ஸுக்குத் தோண்டுகிறாள், அவர்களுக்கென்ன?

மத்தியானத்துக்குள் சாய்வுப் பலகை இறங்கும் அளவுக்குத் தரை தெரிந்தது. வீட்டுக்குப் போய் ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினால், நான் தோண்டிய இடத்தில் ஒரு நீலக் கார் நிற்கிறது! பஸ் நிறுத்தத்தில்! எவனோ பக்கத்து உணவகத்துக்கு வந்தவன். அவன் வரும்வரை அங்கேயே காத்திருந்து, அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நாற்காலி இல்லையேம்மா, நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்றான்.

அது நியாயமான கேள்விதான். என் சமையலறையில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு மஞ்சள் நாற்காலிகள் உண்டு. சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு என்னுடையது சும்மாதான் கிடந்தது. அதைக் கொண்டுபோய் நிறுத்தத்தில் வைத்தேன். அன்றிலிருந்து ஒரு கார்கூட அங்கே மூக்கை நீட்டவில்லை. வெள்ளிக்கிழமை ஷெரீஸ் வந்து நாற்காலியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே குலுங்கியது. இறங்கி வந்து, என்னிடம் அனுமதி கேட்டு, அதை ஓரமாக வைத்து, என்னை ஏற்றிவிட்டு, திரும்பவும் அதே இடத்தில் வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தாள்.

"ஏப்ரல் வந்தா என்ன பண்ணுவேடி?" என்று கேட்டேன்.

"கம்பத்துல பஸ் நம்பர் போட்ட தகடு இருக்குற வரைக்கும் அது நிறுத்தம்தான், மிஸ் வாண்டா. எங்க விதி அப்படி. தகடு இருந்தா நிறுத்துவேன்."

ஏப்ரல் முதல் நாள் தகட்டைக் கழற்ற நகரத்து லாரி வந்தது. இறங்கிய மேஸ்திரி ஸ்டாஷ் கோவல்ச்சிக் எங்கள் பக்கத்து ஆள். அவன் அம்மாவும் நானும் ஒரே பேக்கரியில் மாவு பிசைந்தவர்கள். தெரு முனையில் வெயில் விழுவதில்லை என்பதால் பனி கறுத்து, கல்லாகி, இன்னும் கிடந்தது. நடுவில் என் மஞ்சள் நாற்காலி. அதற்குப் பின்னால் கம்பம். ஸ்டாஷ் அப்படியே நின்றுவிட்டான். வராந்தாவில் இருந்த என்னைப் பார்த்தான்.

"இது யாரோட நாற்காலி?"

"என்னோடது."

"நீயா தோண்டுன?"

"பின்ன உங்கப்பனா வந்து தோண்டினான்?"

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். லாரியை ஓரங்கட்ட அந்த இடம் வேண்டும். நாற்காலியை நகர்த்தாமல் முடியாது. கூட வந்தவன் ஒரு அடி முன்னால் வைத்தான். ஸ்டாஷ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"தொட்டேன்னா எங்கம்மா என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா. பனி கரையட்டும். அப்புறம் வருவோம்."

"கரைஞ்சா?" என்று கேட்டேன்.

"கரைஞ்சா உன் பாத்தியதை போச்சு, வாண்டா. அது உனக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். அந்த வாரமே காற்று வெதுவெதுப்பாகி, கூரைகள் சொட்ட ஆரம்பித்தன. என் பனி நாளுக்கு நாள் சுருங்கியது. நாய்க்குட்டி அளவுக்கு வந்துவிட்ட அன்று சாயங்காலம் அதன் பக்கத்தில் உருண்டு போய் வாய்விட்டு அழுதேன். அழுவேன், அதிலென்ன? ரோஸ்கோ தன் பிக்கப்பை நிறுத்தி இறங்கினான்.

"என்ன ஆச்சு? வலிக்குதா?"

"இது கரையப்போகுது, ரோஸ்கோ. கரைஞ்சதும் ஸ்டாஷ் வருவான். தகடு போயிரும். அப்புறம் நான் அந்த இல்லத்துல உக்காந்து மத்தியானத்துல ராச்சாப்பாடு தின்னணும்."

ரோஸ்கோ பனியைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான். முகவாயைத் தடவிக்கொண்டான்.

"ஸ்டாஷ் சரியா என்ன சொன்னான்? பனி கரையுற வரைக்கும்னா?"

"ஆமா."

உடனே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தபோது பிக்கப்பின் பின்னால் வெள்ளை வெளேரென்று குவியல். அரங்கத்துத் தரையைச் சீவும்போது வரும் பனிச் சீவல். தினம் தினம் பின்வாசலில் கொட்டி வீணாக்குவதாம். நாற்காலியைச் சுற்றி அதை அழகாகக் குவித்து, ஷவலின் முதுகால் தட்டிக் கெட்டியாக்கினான்.

"பஸ்ஸுக்காக இல்ல, தெரிஞ்சுக்கோ. சட்டம்னா சட்டம்" என்றான்.

அதன் பிறகு புல் முளைத்தது, டூலிப் பூத்தது, ஆட்கள் அரைக்கை சட்டைக்கு மாறினார்கள். லிண்டன் தெரு முனையில் மட்டும் பனிக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஸ்டாஷ் ஒரு நாள் வந்தான். லாரியிலிருந்து இறங்காமலே எட்டிப் பார்த்தான். வேர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"பனி இன்னும் இருக்கு போல" என்றான், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

"இருக்கு" என்றேன்.

"இந்த வருஷம் குளிர் அதிகம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மே மாத நடுவில் பிரெண்டன் கெய்லே நேரில் வந்துவிட்டான். ஸ்டாஷை லாரியோடு முன்னால் வரவைத்து, அவன் தன் காரில் பின்னால் வந்தான். போனில் கேட்ட அதே தேன் குரல், நல்ல இஸ்திரி போட்ட சட்டை. பனிக்குவியலைக் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தான்.

"மேடம், இது வானத்துலேர்ந்து விழுந்த பனி இல்ல. அரங்கத்து ஐஸ்."

"வானம் தள்ளுச்சா அரங்கம் தள்ளுச்சான்னு எங்க சட்டத்துல இல்ல தம்பி."

"உங்க சட்டம்னு ஒண்ணு கிடையாது, மேடம்."

சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் என் மஞ்சள் நாற்காலியைத் தூக்கினான்.

எதிர் வீட்டில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார். ஸ்டாஷ் கையிலிருந்த திருகு சாவியைக் கீழே போட்டுவிட்டு, "நான் இதப் பாக்கல, இதுல எனக்குச் சம்பந்தமில்ல" என்று சத்தமாகச் சொல்லி லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். பிரெண்டன் அந்தச் சாவியை எடுத்துத் தானே தகட்டைக் கழற்றினான். தகட்டையும் நாற்காலியையும் தன் கார் டிக்கியில் வைத்தான். "பஸ் வாரியக் கூட்டத்துல உங்க கருத்தச் சொல்லலாம், மேடம். வியாழக்கிழமை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். வேண்டுமென்றே செய்த கெட்டவன் இல்லை அவன். பனியே விழாத ஊரிலிருந்து வந்தவன், தான் என்ன செய்தோம் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

மறுநாள் காலை பஸ் வந்தது. நான் கம்பத்தடியில் இருந்தேன். ஷெரீஸ் வேகத்தைக் குறைத்தாள், மொட்டைக் கம்பத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நிறுத்தினால் வேலை போய்விடும்; இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளுகிறவள். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ரோஸ்கோ வேலைக்குப் போயிருந்தான். வேனைக் கூப்பிட்டேன், அது வந்தபோது என் படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். அன்று ராத்திரி நீர் கோத்து என் ஒற்றைக் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. தலையணையை அடுக்கி உட்கார்ந்தபடியே விடியவைத்தேன். விடிந்ததும் ரோஸ்கோ என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அன்றைக்கு வழியில் அவன் வாயடிக்கவில்லை. நிலையத்தில் சமூக சேவகி அந்த வண்ணப்படங்களை மறுபடி என் மடியில் வைத்தாள். இந்தத் தடவை திருப்பிக் கொடுக்கக் கைக்குத் தெம்பில்லை.

வியாழக்கிழமை வாரியக் கூட்டத்துக்கு ரோஸ்கோவே அழைத்துப் போனான். இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு யாரும் வருவதில்லை. நானும், உறங்குவதற்கு இடம் தேடி வரும் ஒரு கிழவரும் இருப்போம் என்றுதான் நினைத்தேன். மண்டபத்துக்குள் நுழைந்தால் நிற்க இடமில்லை. லிண்டன் தெரு மட்டுமில்லை, மேடு முழுக்க வந்திருந்தது. ஆளுக்கொரு நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி, மடக்கு நாற்காலி, கால் உடைந்து கம்பி கட்டிய நாற்காலி. ஒருவர் இஸ்திரி மேசையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பனி தோண்டிய இடத்தில் அவர் வீட்டில் அதைத்தான் வைப்பார்களாம். பஸ்ஸில் கால் வைத்தறியாத ஜனங்கள். ஸ்டாஷின் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து பிரெண்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாரியத் தலைவி மிஸஸ் ஃபெங்லர் ஆணி, பெயிண்ட் விற்கும் கடைக்காரி. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினாள்.

"மிஸ்டர் கெய்ல், ஒரு கேள்வி. நாற்காலிய நகர்த்துனீங்களா?"

"மேடம், பிப்ரவரிக்கு முந்தின கணக்குப்படி..."

"கணக்கு கேக்கல. நகர்த்துனீங்களா இல்லையா?"

"ஆமா. ஆனா அது..."

மண்டபம் முழுக்க ஒரு முனகல் ஓடியது. மிஸஸ் ஃபெங்லர் கண்ணை மூடிக்கொண்டாள். பிரெண்டன் முகத்தில் ஈயாடவில்லை. பாவம், அப்போதுதான் அவனுக்கு ஏதோ புரிய ஆரம்பித்தது.

பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். ரோஸ்கோ என்னை மைக்குக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போனான். எல்லாரும் கைதட்டினார்கள். நன்றி சொல்லப்போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நான் சக்கரத்தைத் திருப்பி, வாரியத்துக்கு முதுகு காட்டி, ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"நல்லா இருக்கு. அத்தன பேரும் வந்திருக்கீங்க. ஒரு சமையலறை நாற்காலிக்கு அநியாயம் நடந்துருச்சுன்னு வந்திருக்கீங்க. நான் உக்காந்துக்கிட்டே பனி தோண்டுனப்ப நீங்கள்லாம் வராந்தாவுல காபி குடிச்சிட்டிருந்தீங்க. பஸ்ஸு என்னத் தாண்டிப் போனப்பவும் அங்கதான் இருந்தீங்க. நாற்காலியத் தூக்குனதும்தான் உங்களுக்கு ரத்தம் கொதிச்சுச்சு."

இஸ்திரி மேசைக்காரர் தரையைப் பார்த்தார்.

"அது வெறும் நாற்காலி. அதுல உக்காந்திருந்தவ நான். எனக்குக் கால் இருந்தப்ப அதுல உக்காந்துதான் சாப்பிட்டேன். நாற்காலிய நகர்த்தக்கூடாதுன்னா என்னையும் நகர்த்தக்கூடாது. என் வீட்லேர்ந்து என்னத் தூக்கி எங்கயாவது வைக்கலாம்னு யாராவது நெனச்சா, வந்து தூக்கிப் பாருங்க. கடிப்பேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். ரோஸ்கோ என் தோளில் கை வைத்தான். தட்டிவிடலாமென்று நினைத்தேன், விட்டுவிட்டேன்.

வாரியத்தார் தலையோடு தலை வைத்துக் குசுகுசுத்தார்கள். மிஸஸ் ஃபெங்லர் நிமிர்ந்தாள்.

"நாற்காலியும் தகடும் எடுத்த எடத்துலயே திரும்ப வைக்கப்படும். ஊர் வழக்கத்த மதிச்சு, அங்க இருக்குற பனி கரையுற வரைக்கும் அந்த நிறுத்தம் நடக்கும். அப்புறம் நீக்குறது நீக்குறதுதான். எல்லாருக்கும் சம்மதமா?"

வாரியத்தார் முகத்திலெல்லாம் நிம்மதி. மே மாதம், வெளியே வெயில் கொளுத்துகிறது. ஒரு வாரம் பொறுத்தால் ஊரும் சமாதானமாகும், நிறுத்தமும் போகும் என்ற கணக்கு. பிரெண்டன் எழுந்து, "மேடம், அந்தப் பனி..." என்று இழுத்தான்.

"பனியப் பத்தி மேஸ்திரி சொல்லட்டும்" என்றாள் மிஸஸ் ஃபெங்லர்.

ஸ்டாஷ் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுந்தான். பக்கத்தில் அவன் அம்மா. "நான் போய்ப் பாத்தேன், மேடம். பனிதான்" என்றான்.

நான் ரோஸ்கோவைப் பார்த்தேன். அவன் மண்டபத்துக் கூரையில் ஏதோ அதிசயத்தைக் கண்டவன் மாதிரி அண்ணாந்திருந்தான்.

"பனி கரையுற வரைக்கும்னு அப்படியே எழுதிக்கோங்க. எனக்குச் சம்மதம்" என்றேன், என் வாழ்நாளில் பேசாத சாதுவான குரலில். எழுதிக்கொண்டார்கள். ஒருமனதாக நிறைவேறியது.

மறுநாள் பிரெண்டன் தன் கையாலேயே தகட்டை மாட்டி, நாற்காலியை வைத்தான். வைத்துவிட்டு, கோணலாக இருக்கிறதோ என்று ஒரு தரம் சரிசெய்தான். ஷெரீஸ் பஸ்ஸை முழங்காலிடவைத்தாள். நான் ஏறினேன்.

இன்று ஆகஸ்டு மாதம். தார் இளகி செருப்பில் ஒட்டுகிற வெயில். ரோஸ்கோவின் அரங்கம் வருஷம் முழுக்க நடக்கிறது. காலையும் மாலையும் அவன் பிக்கப் வருகிறது. அவனுக்கு விடுமுறையென்றால் மீன்கடைக்காரர் ஒரு பெட்டி ஐஸ் கொண்டுவந்து கவிழ்க்கிறார். இஸ்திரி மேசைக்காரர் தன் வீட்டுக் குளிர்பெட்டியில் படிந்த பனியைச் சுரண்டி, சட்டியில் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்து வருகிறார். என்னிடம் இன்னும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை, கொட்டிவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுகிறார். மேலே கித்தான் குடை கட்டியிருக்கிறோம். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதன் கீழே வந்து நிற்கிறார்கள். ஊரிலேயே குளுகுளுவென்று இருக்கும் நிறுத்தம் இதுதான் என்பதால் மேட்டின் மேலிருந்துகூட இறங்கி வருகிறார்கள். கதவிலிருக்கும் கருவி அவர்களையும் எண்ணிக்கொண்டிருக்கிறது.

எனக்குக் கோபம் தீரவில்லை. தீரவேண்டிய அவசியமும் இல்லை, கோபத்தோடும் பஸ் ஏறலாம். வாரத்தில் மூன்று நாள் ஏறுகிறேன், இறங்குகிறேன், என் வீட்டுக் கதவை என் சாவியால் திறக்கிறேன். அந்த வண்ணப்படங்களை விசிறியாக வைத்திருக்கிறேன்.

வாரியத்திலிருந்து மாதத்துக்கு ஒரு முறை போன் வருகிறது. பிரெண்டன்தான். கேட்கும்போதே அவன் குரலில் இப்போது சிரிப்பு எட்டிப் பார்க்கிறது.

"மேடம், பனி கரைஞ்சுருச்சா?"

"வந்து தொட்டுப் பாரு தம்பி" என்று சொல்லிவிட்டு போனை வைக்கிறேன்.